பெரிய ஏசி வாங்கும் முன் சீலிங்கைப் பாருங்கள்: வேலூர் வீடுகளுக்கான தெர்மல் கேமரா சோதனை

ஏப்ரல் பிறந்துவிட்டால் எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே கேள்விதான். "அண்ணே, ஒரு டன் ஏசி போட்டும் ரூம் குளிரவே மாட்டேங்குது. ஒன்றரை டன்னா மாத்திடலாமா?" காட்பாடி, சத்துவாச்சாரி, தொரப்பாடி, அரியூர் என்று எந்தப் பக்கமிருந்து கேட்டாலும் என் பதில் மாறாது: முதலில் அந்த ரூமின் சீலிங்கைப் பார்ப்போம். ஏசி விற்பதும் பழுது பார்ப்பதும்தான் என் தொழில். பெரிய மெஷின் விற்றால் எனக்கு லாபம். ஆனாலும் சூடு எந்த வழியாக உள்ளே வருகிறது என்று தெரியாமல் மெஷினை மட்டும் பெரிதாக்கினால், அந்த வீட்டுக்காரர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கரண்ட் பில்லில் அதற்குப் பணம் கட்டிக்கொண்டே இருப்பார். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு மனம் வருவதில்லை.

சூடு வரும் வழியைக் கண்ணால் பார்க்க ஒரு கருவி இருக்கிறது. ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் தொழிற்சாலைகளில் பேனல் போர்டில் எந்த முனை லூசாகிச் சூடேறுகிறது என்று பார்க்க எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கிறார்களே, அந்த தெர்மல் கேமராதான். குளிர் நாடுகளில் இதை வீட்டுச் சோதனைக்கு நெடுநாளாகப் பயன்படுத்துகிறார்கள். அங்கே கவலை, ஹீட்டர் போட்டுச் சேர்த்த சூடு சுவர் வழியாக வெளியே ஓடுகிறதே என்பது. நம் கவலை நேர் எதிர். கருவி ஒன்றுதான், ஆனால் எந்த நேரத்தில் பார்ப்பது, எங்கே பார்ப்பது, படத்தை எப்படிப் படிப்பது எல்லாம் நம் ஊருக்கு மாறிவிடும். அவர்கள் எழுதிய முறையை அப்படியே இங்கே செய்தால் பாதிக்கு மேல் தவறாகப் படிப்போம்.

கேமரா எதைக் காட்டுகிறது, எதைக் காட்டாது

எந்தப் பொருளும் தன் சூட்டுக்கு ஏற்ப அகச்சிவப்புக் கதிரை வெளிவிடுகிறது. 1800-இல் வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியைப் பட்டகத்தில் பிரித்து, சிவப்பு நிறத்துக்கு அப்பால் வெறுமையாகத் தெரிந்த இடத்தில் தெர்மாமீட்டரை வைத்தபோது அது ஏறியது. அந்தக் கதிர்தான் இது. நம் கேமரா அதில் சுமார் 8 முதல் 14 மைக்ரோமீட்டர் வரையுள்ள அலைகளை வாங்கி, ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு நிறம் கொடுத்துப் படமாக்குகிறது.

ஆக, அது காட்டுவது மேற்பரப்பின் சூடு. சுவரை ஊடுருவி உள்ளே பார்க்காது. காற்றின் சூட்டையும் அளக்காது. உள்ளே இருக்கும் கம்பி, குழாய், ஈரம் எல்லாம் மேற்பரப்பில் ஏதாவது சூட்டு வித்தியாசத்தை உண்டாக்கினால் மட்டுமே தெரியும். இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் வராது.

கேமராவில் எமிசிவிட்டி என்று ஓர் எண் கேட்கும். ஒரு பொருள் எவ்வளவு நன்றாகக் கதிரை வெளிவிடுகிறது என்பதற்கான அளவு அது. 0 முதல் 1 வரை. சிமெண்ட் பூச்சு, செங்கல், பெயிண்ட், மரம், ஓடு எல்லாமே 0.9-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். 0.95 என்று வைத்துவிட்டு மறந்துவிடலாம். பளபளப்பான உலோகம் மட்டும் வேறு கதை, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எந்தக் கேமரா? 160×120 புள்ளிகள் இருந்தால் வீட்டு வேலைக்குப் போதும். 80×60 கேமராவில் சீலிங் தெரியும், கதவு இடுக்கு தெரியாது. போனில் செருகும் 256×192 வகை நன்றாகவே வேலை செய்கிறது. பெரும்பாலான கேமராக்களில் எண்ணின் துல்லியம் கூட்டியோ குறைத்தோ 2 டிகிரிதான். ஆனால் ஒரே படத்துக்குள் இரண்டு இடங்களுக்கு இருக்கும் வித்தியாசத்தை 0.1 டிகிரி வரைக்கும் பிரித்துக் காட்டும். அதனால் "சீலிங் 41-ஆ, 42-ஆ" என்று வாதாட வேண்டாம். "இந்த மூலை அந்த மூலையைவிட 4 டிகிரி அதிகம்" என்பதுதான் நம்பக்கூடிய செய்தி.

வாங்கத் தேவையில்லை. தெரிந்த எலக்ட்ரிகல் கான்ட்ராக்டரிடம் ஒருநாள் வாடகைக்குக் கேட்டுப் பாருங்கள். அதுவும் கிடைக்காவிட்டால் துப்பாக்கி மாதிரி இருக்கும் தொழிற்சாலை வகை இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வாங்கலாம், விலை மிகவும் குறைவு. கொரோனா காலத்தில் நெற்றியில் காட்டினார்களே, அது வேண்டாம். அது உடம்புச் சூட்டுக்கென்றே செய்தது. தொழிற்சாலை வகையில் 12:1 என்று போட்டிருந்தால், 12 அடி தூரத்தில் அது 1 அடி வட்டத்தின் சராசரியைக் காட்டுகிறது என்று அர்த்தம். சீலிங்கை இரண்டு அடிக்கு ஒரு கட்டமாக நோட்டில் வரைந்து, ஒவ்வொரு கட்டத்திலும் எண்ணை எழுதினால் உங்களுக்கும் ஒரு வெப்பப் படம் கிடைத்துவிடும். நேரம் பிடிக்கும், அவ்வளவுதான்.

நேரம்தான் எல்லாமே

காலை 11 மணிக்கு வந்து படம் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போகிறவரிடம் பணம் கொடுக்காதீர்கள். நம் ஊரில் அந்த நேரத்துப் படம் எதையும் சொல்லாது.

கான்கிரீட் தளம் தோசைக்கல் மாதிரி. அடுப்பை மூட்டியவுடன் காயாது, அணைத்தவுடன் ஆறாது. பிற்பகல் 2 மணிக்கு மொட்டை மாடியில் விழுந்த வெயில், 5 அங்குலத் தளத்தையும் அதன் மேலிருக்கும் சுண்ணாம்பு ஜல்லியையும் கடந்து சீலிங்கின் அடிப்பக்கத்தில் உச்சத்தைத் தொட மாலை 6, 7 மணி ஆகிவிடும். 9 அங்குலச் செங்கல் சுவருக்கு இன்னும் தாமதம். மேற்குச் சுவரில் 4 மணிக்கு அடித்த வெயில் இரவு 10 மணி வாக்கில்தான் உள்பக்கம் முழுதாகத் தெரியும். "ராத்திரி படுக்கப் போனாதான் சார் சூடே ஆரம்பிக்குது" என்று எல்லோரும் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

அதனால் ஒரே நாளில் மூன்று வேளை எடுங்கள். விடியற்காலை 5 மணிக்கு ஒருமுறை. அதுதான் வீடு ஆறிய நிலை. மாலை 6.30 முதல் 8 மணிக்குள் சீலிங். இரவு 10 மணிக்கு மேற்குச் சுவர். ஒரே இடத்தில் நின்று, ஒரே கோணத்தில் எடுக்க வேண்டும். தரையில் சாக்பீஸால் ஒரு குறி போட்டுக்கொள்ளுங்கள். விடியற்காலைப் படத்துக்கும் மாலைப் படத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் வெயில் சம்பாதித்துக் கொடுத்தது.

நாள் தேர்வும் முக்கியம். அன்றும் முந்தின நாளும் வானம் தெளிவாக, நல்ல வெயில் அடித்திருக்க வேண்டும். கோடை மழை பெய்து தளம் நனைந்திருந்தால் இரண்டு மூன்று நாள் தள்ளிப்போடுங்கள். கத்திரி வெயில் காலம் மிகவும் நல்லது. ஆனால் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. வேலூர் இருக்கும் அட்சரேகை கிட்டத்தட்ட 13 டிகிரி வடக்கு. ஏப்ரல் 24, 25 வாக்கில் நண்பகல் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்துவிடுகிறது. மறுபடி ஆகஸ்டு 18 வாக்கில். நடுவில் உள்ள மாதங்களில் அது நமக்கு வடக்கே தள்ளி நிற்கும். மே, ஜூனில் வடக்குச் சுவரில் வெயில் விழுவதும், தெற்குச் சுவர் அனேகமாக நிழலில் இருப்பதும் அதனால்தான். எந்தச் சுவரையும்விட மொட்டை மாடிதான் அதிக வெயில் வாங்குகிறது என்பதற்கும் அதுவே காரணம்.

வீட்டைத் தயார் செய்வது

சோதனைக்கு முன் அரை மணி நேரம் சீலிங் விளக்குகளை அணைத்துவிடுங்கள். எல்இடி பேனல் சுற்றி ஒரு சூட்டு வட்டம் விட்டுவைக்கும். ஃபேனைப் படம் எடுக்கும் முன் பத்து நிமிடம் நிறுத்துங்கள். சுவரில் மாட்டியிருக்கும் காலண்டர், சாமி படம் எல்லாவற்றையும் மதியமே கழற்றிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் அவை மறைத்த இடம் சதுரம் சதுரமாகத் தெரிந்து குழப்பும். சாதாரண தெர்மாமீட்டர் ஒன்றை ரூமிலும் இன்னொன்றை வெளியே நிழலிலும் வைத்து, படம் எடுக்கும் நேரத்தில் இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். கேமராவைப் போட்டு ஐந்து பத்து நிமிடம் அந்த ரூமிலேயே வைத்திருங்கள். நடுநடுவே "டக்" என்று ஒரு சத்தம் வரும், அது தன்னைத் தானே சரிசெய்துகொள்கிறது. பழுது இல்லை.

அடுத்தது, இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்வீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்: நிற அளவுகோலைப் பூட்டிவிடுங்கள். கேமராவை அதன் போக்கில் விட்டால், படத்தில் இருக்கும் குறைந்த சூட்டுக்கு நீலமும் அதிகச் சூட்டுக்கு வெள்ளையும் கொடுத்துவிடும். அந்தக் குறைவு 31, அதிகம் 33 என்றாலும் சீலிங் பற்றி எரிகிற மாதிரித்தான் காட்டும். 24 முதல் 44 வரை என்று கையால் வைத்துப் பூட்டினால் எல்லா ரூமும், எல்லா வேளையும் ஒரே கணக்கில் வரும். மாடிக்குப் பூசும் பெயிண்ட் விற்க வருகிறவர் சிவப்புச் சிவப்பாக ஒரு படத்தைக் காட்டினால், ஓரத்தில் இருக்கும் எண்களைக் கேளுங்கள். பூசுவதற்கு முன் எடுத்த படமும் பின் எடுத்த படமும் வேறு வேறு அளவுகோலில் இருந்தால் அந்த ஒப்பீட்டுக்கு மதிப்பில்லை.

சீலிங்

கொசப்பேட்டையில் ஒரு வீடு. முன்பகுதி பழைய மெட்ராஸ் டெரஸ்: தேக்கு உத்தரங்கள், அவற்றின் மேல் செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்பில் கட்டிய செங்கல், அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இடித்துப் போட்ட அடுக்கு, மேலே தட்டோடு. பின்பகுதியில் மகன் கட்டிய கான்கிரீட் ரூம். அந்த ரூமுக்குத்தான் பெரிய ஏசி கேட்டுக் கூப்பிட்டார்கள். "எங்க மாமனார் கட்டினது தம்பி, இந்தப் பக்கம் மத்தியானத்துல ஃபேன் கூட வேணாம். அந்த ரூம்ல எவனும் படுக்க மாட்டேங்கிறான்" என்றார் அந்த அம்மா. இரவு 8 மணிக்கு இரண்டையும் ஒரே அளவுகோலில் எடுத்தேன். பழைய பகுதியில் உத்தரங்கள் வரிவரியாகத் தெரிய, நடுவில் செங்கல் 34, 35 டிகிரி. கான்கிரீட் ரூமில் சீலிங் 41. "அம்மா, இந்த ரூமுக்கு மெஷின் போதாமல் இல்லை, மேலே போர்வை இல்லை" என்று படத்தைக் காட்டினேன். மகன் மாடிக்குச் சுண்ணாம்பு ஜல்லியே போடவில்லை. சிமெண்ட் பூசி, தண்ணீர் வடியச் சரிவு மட்டும் கொடுத்திருந்தார்.

அந்த வித்தியாசம் எவ்வளவு என்று கணக்குப் பார்க்கலாம். சூடான சீலிங்கிலிருந்து கீழே ரூமுக்கு, ஒரு சதுர மீட்டருக்கு ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சுமார் 6 வாட் இறங்கும். 10-க்கு 12 ரூம் என்றால் 11 சதுர மீட்டர். ஆக ஒரு டிகிரிக்கு 66 வாட். ஏசி ரூமை 26-இல் வைத்திருக்கும்போது சீலிங் 41 இருந்தால், 15 டிகிரிக்கு ஏறக்குறைய 1,000 வாட். ஒரு டன் ஏசி என்பது சுமார் 3,500 வாட் சூட்டை வெளியேற்றும் மெஷின். அதில் கால் பங்குக்கு மேல் சீலிங்கே தின்றுவிடுகிறது. சீலிங்கை 34-க்கு இறக்கினால் அது 530 வாட்டுக்கும் கீழே போகும். அதற்கப்புறம் பழைய மெஷினே போதும். உடம்புக்கும் அது நேரடியாகத் தெரியும். காற்று 26 இருந்தாலும் தலைக்கு மேல் 41 டிகிரிப் பரப்பு கதிர் வீசிக்கொண்டிருந்தால் புழுங்கத்தான் செய்யும்.

உங்கள் சீலிங் படத்தில் சில அடையாளங்களைத் தேடுங்கள். பீம் ஓடும் இடம் தடிமனாக இருப்பதால் குளிர்ந்த பட்டையாகத் தெரியும். மேலே தண்ணீர்த் தொட்டியோ படிக்கட்டு ரூமோ இருந்தால் அதன் நிழல் அப்படியே குளிர்ந்த கட்டமாக விழும். நிழலுக்கு எவ்வளவு சக்தி என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். அப்புறம் மழைத்தண்ணீர் இறங்கும் குழாய்ப் பக்கத்தைப் பாருங்கள். சுண்ணாம்பு ஜல்லியைச் சரிவாகப் போடும்போது ஒரு பக்கம் தடிமனாகவும் தண்ணீர் இறங்கும் பக்கம் மெலிதாகவும்தான் வரும். மெலிந்த பக்கம் சீலிங் கூடுதல் சூடாக இருக்கும். படுக்கையறைக் கட்டில் அந்த மூலைக்கு நேர் கீழே இருந்தால், காசு செலவில்லாத முதல் வைத்தியம் கட்டிலை நகர்த்துவதுதான்.

இருட்டியதும் மொட்டை மாடிக்கும் ஏறிப் பாருங்கள். சூரியன் மறைந்து ஒரு மணி நேரம் கழித்து, தட்டோடு ஆறிக்கொண்டிருக்கும்போது, ஒரு திட்டு மட்டும் ஆறாமல் இருந்தால் அதன் அடியில் தண்ணீர் ஊறியிருக்க வாய்ப்பு உண்டு. ஈரம் சூட்டை அதிகமாகப் பிடித்துவைக்கும். வெளிக்காற்றில் உலர்ந்துகொண்டிருக்கும் ஈரம் இதற்கு எதிராகக் குளிர்ந்த திட்டாகக் காட்டும். ஆகவே ஈரத்தைப் படத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தட்டிப் பாருங்கள், ஓட்டின் இணைப்பைப் பாருங்கள், மேஸ்திரியைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். இன்னொன்று, கேமராத் திரையைப் பார்த்தபடியே பின்னால் நடக்காதீர்கள். பல வீடுகளில் கைப்பிடிச் சுவர் முட்டி உயரம்கூட இருப்பதில்லை. இருட்டில் கூட ஒருவர் இருக்கட்டும்.

சரி, சீலிங் சூடு என்று தெரிந்துவிட்டது. என்ன செய்வது? என் வரிசை இது. முதலில் நிழலும் வெள்ளை நிறமும். மாடியைக் கழுவி வெள்ளையடித்தால் வெயிலின் பெரும்பகுதி மேலேயே திரும்பிப் போய்விடும். சாதாரணச் சுண்ணாம்பு மழைக்குக் கரையும், வருடா வருடம் பங்குனியில் அடிக்க வேண்டும். கூல் ரூஃப் பெயிண்டும் வெள்ளை டைல்ஸும் நீடிக்கும், ஆனால் தூசு படிந்தால் அவையும் சூடேறும். மாதம் ஒருமுறை கழுவ வேண்டும். நிழலுக்குக் கட்டும் பச்சை வலையை (நெட்) தளத்திலிருந்து நாலைந்து அடி மேலே, காற்று ஓடும்படி கட்டினால் நல்ல பலன். தளத்தில் தண்ணீர் தெளிப்பதும் வேலை செய்யும்தான். ஆனால் பாலாறு காய்ந்து கிடக்கும் ஊரில் கோடையில் அதைச் செய்யச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நிரந்தரத் தீர்வு தளத்துக்கு மேலே வெப்பத்தடை அடுக்கு. தளத்துக்கு அடியில் தெர்மாகோல் ஒட்டுவதை நான் ஊக்குவிப்பதில்லை. தீப்பிடித்தால் ஆபத்து, கான்கிரீட்டும் முழு வெயிலில் விரிந்து சுருங்கிக்கொண்டே இருக்கும். மேலே போட்டால் தளத்துக்கே பாதுகாப்பு. 2018-இல் மத்திய அரசு வீடுகளுக்கென்று வெளியிட்ட எக்கோ நிவாஸ் சம்ஹிதா விதிமுறை, கூரை வழியாகச் சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு, 1.2 வாட்டுக்கு மேல் சூடு கடக்கக் கூடாது என்கிறது. மேலே எதுவும் போடாத கான்கிரீட் தளம் 3-ஐத் தாண்டும். புது வீடு கட்டுகிறவர்கள் இந்த 1.2-ஐ இன்ஜினியரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கட்டும்போது ஆகும் செலவைவிடப் பிறகு செய்யும் செலவு நிச்சயம் அதிகம்.

சுவர்

மேற்குச் சுவரை இரவு 10 மணிக்குப் பாருங்கள். அதே சுவரில் ஜன்னல் சன்ஷேடின் நிழல் விழுந்த இடம் ஒரு சாய்வான பட்டையாகக் குளிர்ந்து தெரிந்தால், அந்த நிழலை நீட்டினாலே போதும் என்று அர்த்தம். மூங்கில் தட்டி, ஒரு புங்க மரம், வெளிச்சுவருக்கு வெள்ளை நிறம். கான்கிரீட் தூணும் லிண்டலும் செங்கல்லைவிட வேகமாகச் சூட்டைக் கடத்தும், அதனால் கோடு கோடாகத் தெரியும். அதற்குப் பெரிதாகச் செய்ய ஒன்றுமில்லை. புதிதாகக் கட்டுகிறவர்கள் மேற்குச் சுவருக்கு ஏஏசி பிளாக் (உள்ளே காற்றுக் குமிழ்கள் நிறைந்த, எடை குறைந்த கான்கிரீட் கல்) வைத்தால், அது செங்கல்லைப்போல் நாலில் ஒரு பங்கு அளவே சூட்டைக் கடத்தும்.

காற்று நுழையும் இடுக்குகள்

இதுதான் என் வேலைக்கு மிக நெருக்கமான பகுதி. ஏசி ரூமில் குளிர்ந்த காற்று வெளியே போனால் அந்த அளவுக்கு வெளிக்காற்று உள்ளே வந்தே தீரும். குளிர் நாடுகளில் வாசலில் பெரிய ஃபேன் பொருத்தி வீட்டுக்குள் காற்றழுத்தத்தை 50 பாஸ்கல் குறைத்து, இடுக்குகளில் காற்று பாய்வதைக் கேமராவில் பார்க்கிறார்கள். நமக்கு அந்த ஃபேன் வேண்டாம். பிற்பகல் 3, 4 மணிக்கு, வெளியே நன்றாகச் சூடாக இருக்கும்போது, ஏசியை ஒரு மணி நேரம் ஓடவிட்டு ரூமைக் குளிரவையுங்கள். அப்புறம் எல்லா ஜன்னலையும் வெளிக்கதவையும் மூடி, ஏசி ரூம் கதவை மட்டும் திறந்துவைத்து, சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுங்கள். கேஸ் அடுப்பு எரியக் கூடாது. பத்து நிமிடத்தில் ரூமில் எங்கெல்லாம் இடுக்கு இருக்கிறதோ அங்கெல்லாம் சூடான காற்று உள்ளே இழுக்கப்பட்டு, சுற்றியுள்ள சுவரில் இறகு மாதிரி ஒரு சூட்டுத் தடம் விழும். காற்று கேமராவில் தெரியாது, அது தொட்ட சுவர் தெரியும்.

எங்கே பார்ப்பது? ஏசியின் காப்பர் பைப் சுவரைத் துளைத்துப் போகும் ஓட்டை முதல் இடம். அந்த ஓட்டையை அடைக்காமல் பிளாஸ்டிக் மூடியை மட்டும் வைத்துவிட்டுப் போகிறவர்கள் நிறைய. உங்கள் மெக்கானிக்கிடம் நின்று கேட்டு அடைக்கச் சொல்லுங்கள். அடுத்தது வெண்டிலேட்டர். பழைய வீட்டு ஜன்னலுக்கு மேலிருக்கும் அது, ஏசி இல்லாத காலத்தில் வரம். ஏசி போட்ட ரூமில் திறந்த கதவுக்குச் சமம். தக்கையோ கண்ணாடியோ வைத்து, வேண்டும்போது திறக்கும்படி அடையுங்கள். அலுமினிய ஸ்லைடிங் ஜன்னலின் அடித்தண்டவாளமும் இரண்டு கதவு சேரும் இடமும் எப்போதும் ஒழுகும். பிரஷ் பட்டை தேய்ந்திருக்கும், மாற்றலாம்.

பலரும் கவனிக்காத ஒன்று, ரூமோடு சேர்ந்த பாத்ரூம். அதன் கண்ணாடிச் சட்ட ஜன்னல் எப்போதும் வெளியே திறந்தே இருக்கும். பாத்ரூம் கதவுக்கு அடியில் ஒரு விரல் இடுக்கு. ஏசி ரூமுக்கும் கத்திரி வெயிலுக்கும் நடுவில் அந்த ஒரு விரல்தான். கதவடியில் ரப்பர் பட்டை ஒட்டினால் மாலையே வித்தியாசம் தெரியும். சில வீடுகளில் சுவிட்ச் போர்டே சூடாகத் தெரியும். வயரிங் பைப் தளத்தின் மேல் திறந்தபடி முடிந்திருந்தால், சூடான காற்று அதன் வழியாக இறங்கிப் போர்டுக்கு வரும். ஆனால் போர்டில் ஒரே ஒரு புள்ளி மட்டும் தனியாகச் சூடாக இருந்தால் அது காற்று இல்லை, லூசான முனை. அன்றே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், நீங்களே திறக்காதீர்கள்.

கேமரா கையில் இருக்கும்போது மெஷினையும் ஒருமுறை பாருங்கள். காப்பர் பைப்பின் கறுப்பு உறை வெயிலில் பொடிந்து போன இடங்கள் குளிர்ந்த கோடாகத் தெரியும், அந்தக் குளிர் மாடிக்குப் போகிறது. அவுட்டோர் யூனிட் மேற்குச் சுவரில், சன்ஷேடுக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவில் அடைபட்டிருந்தால், அது ஊதிய சூட்டையே திரும்ப இழுக்கும். சுற்றியுள்ள சுவரின் நிறமே அதைச் சொல்லிவிடும்.

ஏமாற்றும் பரப்புகள்

ஜன்னல் கண்ணாடியைக் கேமராவில் பார்த்தால் வெளியே இருக்கும் மரம் தெரியாது, உங்கள் உருவம்தான் மங்கலாகத் தெரியும். இந்த அலைகளுக்குக் கண்ணாடி சுவர் மாதிரித்தான். ஆனால் சூரிய ஒளி அதன் வழியாகத் தாராளமாக வரும், ஆகவே "கண்ணாடி குளிர்ச்சியாகத்தானே இருக்கிறது" என்று விட்டுவிடாதீர்கள். வெயில் விழுந்த தரையைப் பாருங்கள். உள்ளே திரை போடுவதைவிட வெளியே தட்டி கட்டுவது பல மடங்கு மேல், வெயில் கண்ணாடியைத் தொடும் முன்பே நின்றுவிடுகிறது.

பளபளப்பான அலுமினியச் சட்டம், எவர்சில்வர், புதுத் தகரம் எல்லாம் எதிரில் இருப்பதன் சூட்டைத்தான் காட்டும். மொட்டை மாடியில் புதுத் தகரக் கூரை வானத்தின் குளிர்ச்சியைப் பிரதிபலித்து, தொட்டால் கை சுடும் நேரத்திலும் 15 டிகிரி என்று காட்டக்கூடும். கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி, ஐந்து நிமிடம் விட்டு, டேப்பின் மேல் அளந்து பாருங்கள். பாலிஷ் டைல்ஸில் நேராக நின்று பார்க்காமல் சற்றுச் சாய்வாகப் பாருங்கள். நீங்கள் நகரும்போது அந்தச் சூட்டுத் திட்டும் நகர்ந்தால் அது பிரதிபலிப்பு.

வேலை முடிந்த பின்

வெள்ளையடித்தாலும், நெட் கட்டினாலும், இடுக்கு அடைத்தாலும், மறுபடி அதே மூன்று வேளை, அதே சாக்பீஸ் குறியில் நின்று, அதே 24-44 அளவுகோலில் படம் எடுங்கள். வெளிச் சூடு முன்பு எழுதிய நாளுக்கு ஓரிரு டிகிரிக்குள் இருக்கும் நாளாகப் பாருங்கள், இல்லாவிட்டால் வானிலை மாறியதை வேலையின் பலனாக எண்ணிவிடுவோம். ஒவ்வொரு வேலைக்கும் இடையில் ஒருமுறை எடுத்தால், எது எவ்வளவு குறைத்தது என்று பிரித்துச் சொல்லலாம். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் செய்துவிட்டால் அது முடியாது.

ஏலகிரியிலோ ஜவ்வாது மலையிலோ வீடு வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. மார்கழி இரவில் உங்கள் பிரச்சினை குளிர் நாட்டுக்காரர்களின் பிரச்சினைதான். உள்ளே சூடேற்றி, விடியும் முன், வெளியில் நின்று படம் எடுங்கள். உள்ளுக்கும் வெளிக்கும் குறைந்தது 10 டிகிரி வித்தியாசம் இருக்கும் இரவாகப் பார்த்துச் செய்யுங்கள். அங்கே சிவப்பாகத் தெரியும் இடம்தான் உங்கள் விறகு கரையும் இடம்.